ரியாத் டிக்கெட்: வீட்டுக் கம்ப்யூட்டரில் குறைந்த கட்டணம் தேடுவது எப்படி?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டது. படம் பார்ப்பது, மெயில் அனுப்புவது எல்லாம் பழகியாயிற்று. அடுத்து என்ன என்று கேட்கும் வாசகர்களுக்காக, பணத்தை மிச்சப்படுத்தும் ஒரு வேலையை இந்த முறை பார்க்கலாம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து பலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். முதல் முறை செல்பவர்களில் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி டிக்கெட் எடுப்பவர்கள் உண்டு. டிக்கெட்டில் மூவாயிரம் குறைந்தால், அது வட்டி கட்ட வேண்டாத மூவாயிரம். ஆனால் திரையில் முதலில் தெரியும் குறைந்த தொகையே மலிவான டிக்கெட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வீட்டு வாசலிலிருந்து பாலைவன நகரம் வரை, பெட்டியோடு போய்ச் சேர என்ன செலவு என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடக் கம்ப்யூட்டர் நன்றாகவே உதவும்.

பெரம்பலூரிலிருந்து சவுதி அரேபியாவின் ரியாத் நகருக்கு ஒருவர் செல்ல வேண்டும் என்று வைத்துக் கொள்வோம்.

தேடும் முன்

வேலை நியமனக் கடிதத்தை ஒரு முறை படியுங்கள். விமான டிக்கெட் நிறுவனத்தின் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தால் நீங்கள் செலவு செய்யவே தேவையில்லை. விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. இவர்கள் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். மத்திய அரசின் இமைக்ரேட் இணைய தளத்தில் இதற்கான வசதி உள்ளது. உங்களை அனுப்பும் ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். அனுமதி இல்லாமல் சென்றால், எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும் விமான நிலையத்திலிருந்து திரும்ப வேண்டியதுதான்.

மூன்றெழுத்துக் குறியீடுகள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்துக்களில் ஒரு குறியீடு உண்டு. திருச்சி - டி.ஆர்.இசட்., சென்னை - எம்.ஏ.ஏ., கொச்சி - சி.ஓ.கே., பெங்களூரு - பி.எல்.ஆர்., ரியாத் - ஆர்.யு.எச்., துபாய் - டி.எக்ஸ்.பி., ஷார்ஜா - எஸ்.எச்.ஜே. ஊர்ப் பெயரை டைப் செய்கையில் எழுத்துப் பிழை வந்தால் வேறு ஊர் தேர்வாகிவிடலாம். குறியீட்டை டைப் செய்தால் அந்தக் குழப்பம் இல்லை.

பெரம்பலூரிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 60 கி.மீ. தூரம். சென்னை விமான நிலையம் 250 கி.மீ.க்கு மேல். அரியலூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அரியலூர் வழியாகச் செல்லும் சென்னை ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால், புறநகர் ரயிலில் திரிசூலம் ஸ்டேஷன் வரலாம். அதற்கு எதிரேதான் விமான நிலையம். எனவே திருச்சி, சென்னை இரண்டையும் தேட வேண்டும்.

தேடத் தொடங்குங்கள்

பிரவுசரைத் திறந்து, கூகுளில் 'கூகுள் பிளைட்ஸ்' என டைப் செய்து என்டர் தட்டுங்கள். இந்தத் தளம் 2011ல் தொடங்கப்பட்டது. இது பல நிறுவனங்களின் கட்டணங்களை ஒரே இடத்தில் காட்டும். 2003ல் தொடங்கப்பட்ட ஸ்கைஸ்கேனர் தளமும் இதே போன்றதுதான். ஒன்றில் தெரியாத விமானம் மற்றொன்றில் தெரியலாம் என்பதால் இரண்டையும் பார்ப்பது நல்லது.

1. மேலே 'ரவுண்ட் டிரிப்' என்று இருக்கும். முதல் முறை வேலைக்குச் செல்பவர் அதில் கிளிக் செய்து 'ஒன் வே' என மாற்றுங்கள். விடுமுறைக்கு வந்து திரும்புபவர் இரண்டையும் சோதிக்க வேண்டும். சில நிறுவனங்களில் போக வர சேர்த்து எடுத்தால் கட்டணம் குறையும்.

2. புறப்படும் இடத்தில் திருச்சியின் குறியீட்டை டைப் செய்யுங்கள். அங்கே தெரியும் கூட்டல் குறியில் கிளிக் செய்து சென்னையையும் சேர்க்கலாம்.

3. சேரும் இடத்தில் ரியாத்தின் குறியீட்டைக் கொடுங்கள்.

4. தேதிக் கட்டத்தில் கிளிக் செய்தால் காலண்டர் திறக்கும். சற்றுப் பொறுங்கள். தேதிகளின் கீழே கட்டணம் தெரியும். குறைந்த கட்டணம் உள்ள நாட்களைக் குறித்துக் கொண்டு, ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள்.

5. முடிவுகள் வந்த பின் 'டிராக் பிரைசஸ்' என்பதை இயக்கி வையுங்கள். ஜிமெயில் கணக்கில் நுழைந்திருந்தால், கட்டணம் மாறும்போது உங்களுக்கு மெயில் வரும். தினமும் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை.

துபாய் செல்பவர்கள் ஷார்ஜாவையும் சேர்த்துத் தேடுங்கள். இரண்டும் ஒட்டியுள்ள நகரங்கள். கட்டணத்தில் வித்தியாசம் இருக்கலாம்.

விமான அட்டவணை ஆண்டுக்கு இரு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். சென்ற ஆண்டு சொந்தக்காரர் போன விமானம் இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். புதிதாக ஒன்று வந்திருக்கவும் கூடும்.

கட்டணம் ஏன் ஏறி இறங்குகிறது?

ஒரே விமானத்தில், ஒரே மாதிரி சீட்டுகளைப் பல விலைப் பிரிவுகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவான பிரிவு தீர்ந்ததும் அடுத்த பிரிவின் விலை வரும். இதனால் ஒரு வேடிக்கையும் நடக்கும். மலிவுப் பிரிவில் மூன்று சீட்டுகளே இருக்கும்போது நான்கு பேருக்குத் தேடினால், நான்கு பேருக்குமே கூடிய விலை காட்டப்படலாம். குடும்பமாகச் செல்பவர்கள் ஒருவருக்கு மட்டும் ஒரு முறை தேடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதும் முக்கியம். வளைகுடாவில் பள்ளி விடுமுறை தொடங்கும் ஜூன் கடைசி, ஜூலை மாதங்களில் குடும்பங்கள் ஊருக்கு வரும். ஆகஸ்ட் கடைசியில் திரும்பிச் செல்லும். எனவே ஜூலையில் வளைகுடாவிலிருந்து வர கட்டணம் கூடும். அதே நாட்களில் இங்கிருந்து அங்கே செல்பவர் எதிர்த் திசையில் செல்வதால் அவருக்குக் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். ரமலான், பக்ரீத் பண்டிகைகளை ஒட்டியும் இப்படி ஏறும். இந்தப் பண்டிகைகள் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்னால் வருவதால், சென்ற ஆண்டுக் காலண்டரை நம்பாதீர்கள்.

முடிவுகளைப் படிப்பது எப்படி?

நேரம்: புறப்படும் நேரம் இந்திய நேரம். சேரும் நேரம் ரியாத் நேரம். ரியாத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 4.00 மணிக்குக் கிளம்பி 6.30க்குச் சேரும் என்றால் பயணம் இரண்டரை மணி அல்ல, ஐந்து மணி நேரம். நேரத்தின் மேலே '+1' என்று இருந்தால் மறுநாள் சேரும் என்று பொருள்.

நள்ளிரவு: 15ஆம் தேதி 12.40 ஏ.எம். என்றிருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி இரவு என்று நினைத்துச் சென்றால் விமானம் முதல் நாள் இரவே போயிருக்கும்.

இடைநிறுத்தம்: ரியாத்துக்குக் கொழும்பு, மும்பை போன்ற ஊர்களில் மாறிச் செல்லும் டிக்கெட்டுகள் கிடைக்கும். எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். 'செல்ப் டிரான்ஸ்பர்' என்று இருந்தால் கவனம் தேவை. அது தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துக் காட்டுவது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். மாறும் ஊர் வெளிநாடாக இருந்தால் அந்நாட்டு விசாவும் தேவைப்படலாம். புதிதாகச் செல்பவர்கள் இதைத் தவிர்க்கவும்.

பெட்டி: சில டிக்கெட்டில் 30 கிலோ உண்டு. சிலவற்றில் 20. சில மலிவு டிக்கெட்டுகளில் கையில் எடுத்துச் செல்லும் 7 கிலோ மட்டுமே. விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குக் கட்டும் பணம், முன்கூட்டியே இணையத்தில் கட்டுவதைவிடப் பொதுவாக அதிகம்.

எக்செல்லில் ஒரு கணக்கு

எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. முதல் நெட்டு வரிசையில் டிக்கெட், பெட்டி, ஊரிலிருந்து விமான நிலையம், சாப்பாடு மற்றும் காத்திருப்பு என ஒன்றின் கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள். இரண்டாவது வரிசைக்குத் திருச்சி, மூன்றாவதற்குச் சென்னை எனத் தலைப்பிடுங்கள்.

கணக்கு புரிவதற்காகச் சில எண்களை எடுத்துக் கொள்வோம். இவை உண்மையான கட்டணம் அல்ல. திருச்சி: டிக்கெட் 21,500, பெட்டி 0, பஸ் 200, சாப்பாடு 300. சென்னை: டிக்கெட் 19,000, பெட்டி 2,500, ரயில் 400, சாப்பாடு 500.

எண்களின் கீழே உள்ள காலிக் கட்டத்தில் கர்சரை வைத்து 'ஆட்டோசம்' பட்டனில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். திருச்சிக்கு 22,000, சென்னைக்கு 22,400 எனக் கிடைக்கும். டிக்கெட்டில் 2,500 ரூபாய் குறைவாகத் தெரிந்த சென்னை, முடிவில் 400 ரூபாய் கூடுதலாகிவிட்டது. வழியனுப்ப வீட்டார் எல்லாரும் வேன் பிடித்துச் செல்வதாக இருந்தால், அதன் வாடகையையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். வித்தியாசம் இன்னும் கூடும்.

இந்தத் தொகையோடு உள்ளூர் டிராவல்ஸில் விலை கேளுங்கள். குழுவாக முன்பதிவு செய்த சீட்டுகள் அவர்களிடம் இருந்தால், இணையத்தைவிடக் குறைவாகவும் கிடைக்கும். சந்தை விலை தெரிந்து பேசுபவரிடம் யாரும் அதிகம் சொல்ல முடியாது.

டிக்கெட் எடுக்கும்போது

குறைந்த விலையைக் கண்டதும், அதே விமானத்தை அந்த நிறுவனத்தின் சொந்த இணைய தளத்திலும் பாருங்கள். விலை ஒன்றாகவோ சிறிது கூடுதலாகவோ இருந்தால் அங்கேயே எடுப்பது நல்லது. தேதி மாற்றம், பணம் திரும்பப் பெறுதல் ஆகியவற்றில் இடையில் ஒருவர் இருக்க மாட்டார். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால், நிறுவனத் தளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட்டுக்கு 24 மணி நேரத்துக்குள் கட்டணமின்றித் திருத்தித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே டைப் செய்யுங்கள். இனிஷியல் போடும் நம் பழக்கம் இங்கே உதவாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு, சுற்றுலா மற்றும் விசிட் விசாவில் அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டு வந்தது. அங்கு செல்பவர்கள் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

டிக்கெட் உண்மைதானா?

ஏஜெண்ட் டிக்கெட் கொடுத்தால் அதில் ஆறு எழுத்து, எண்கள் கொண்ட பி.என்.ஆர். இருக்கும். விமான நிறுவனத்தின் தளத்தில் 'மேனேஜ் புக்கிங்' பகுதியில் அதையும் பயணியின் பெயரையும் கொடுங்கள். பயணம், தேதி, பெட்டி எடை எல்லாம் தெரிய வேண்டும். பணம் கட்டாமல் பிடித்து வைத்த சீட்டுக்கும் பி.என்.ஆர். வரும். எனவே 'கன்பர்ம்டு' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மறுபடி ஒரு முறை சோதியுங்கள்.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. நிறுவனத் தளத்தில் உள்ள எண்ணை மட்டும் அழையுங்கள். பணம் திரும்பத் தருவதாகச் சொல்லி ஓ.டி.பி. அல்லது யு.பி.ஐ. பின் எண் கேட்டால் உடனே போனை வையுங்கள். பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அடுத்த மாதம் யாராவது ஊரிலிருந்து கிளம்புகிறார்களா? அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு, இன்றே ஒரு முறை தேடிப் பாருங்களேன்.