ஒரு கறுப்பு பாட்டிலும் மூன்று டாப் கோட்டும்

நெயில் பாலிஷ் வாங்கப் போனால் கண் நிறத்தின் மேல்தான் போகும். மயில்கழுத்து நிறத்தில் ஒன்று, மாம்பழ நிறத்தில் ஒன்று, புடவைக்குப் பொருத்தமாக ஒன்று என்று அலமாரியில் பத்து பாட்டில் சேரும். அதில் பாதி, இரண்டு முறை போட்டதும் அடியில் கெட்டிப்பட்டுக் குப்பைக்குப் போகும். என்னைக் கேட்டால் நிறத்தில் இரண்டு பாட்டில் தாராளம். கறுப்போ மெரூனோ அடர்த்தியாக ஒன்று, பால் வெள்ளையோ சந்தன நிறமோ வெளிறியதாக ஒன்று. மிச்சக் காசை, நிறத்துக்கு மேலே கடைசியாகப் பூசும் டாப் கோட்டில் போடுங்கள். பளபளப்பான சாதா டாப் கோட், மேட் டாப் கோட், ஜிகினா கலந்த டாப் கோட் ஆகிய மூன்றும் இருந்தால், அதே கறுப்பை வாரத்துக்கொரு விதமாகக் காட்டலாம்.

கடையிலோ ஆன்லைனிலோ வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘ஜெல் டாப் கோட்’ என்பது யுவி விளக்கு இருந்தால்தான் இறுகும். விளக்கு இல்லாமல் அதைப் பூசிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாலும் பிசுபிசுப்பு போகாது. ‘ஜெல் ஷைன்’, ‘ஜெல் எஃபெக்ட்’ என்று எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை தானே காயும் சாதாரண பாலிஷ்தான். லேபிளில் விளக்கு வேண்டும் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் ஜெல் வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அக்ரிலேட் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் அது ஆயுள் முழுக்கத் தொடரும், பல் அடைக்கும் சில பொருள்கள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அழகு நிலையத்தில் பழகிய கைகள் செய்யட்டும்.

அடித்தளம்

நகத்தை வெட்டி, ஓரங்களை ஒரே திசையில் ஃபைல் செய்யுங்கள். முன்னும் பின்னுமாக அறுத்தால் நகம் அடுக்கடுக்காகப் பிளக்கும். பாத்திரம் துலக்கியோ குளித்தோ வந்த கையோடு பாலிஷ் போட உட்காராதீர்கள். தண்ணீரில் ஊறிய நகம் சற்று உப்பியிருக்கும். மேலே பூசிய பிறகு அது உலர்ந்து சுருங்கும்போது பாலிஷ் விளிம்பில் பெயரத் தொடங்கும். அரை மணி நேரம் விட்டு, பழைய பாலிஷ் இல்லாவிட்டாலும் ரிமூவர் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் ஒருமுறை துடையுங்கள். தலைக்குத் தேய்த்த எண்ணெயின் மிச்சம் நகத்தில் இருந்தால் எந்த விலையுயர்ந்த பாலிஷும் பிடிக்காது.

நிறத்துக்கு அடியில் பூசும் பேஸ் கோட்டை விட்டுவிட வேண்டாம். அடர் சிவப்பு, கருநீலம் போன்றவை நேரடியாகப் பட்டால் நகம் மஞ்சளாகிவிடும். அந்தக் கறை ரிமூவருக்கும் அசையாது.

பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் காற்றுக் குமிழி சேரும். பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிட்டு, மறுபக்கத்தில் இருக்கும் ஒரு துளியோடு நகத்தின் அடிப்பகுதியில் நடுவாக வையுங்கள், தோலை ஒட்டி அல்ல, ஒரு மயிரிழை தள்ளி. அங்கிருந்து பின்னால் மெல்லத் தள்ளி, பிறகு நுனி வரை ஒரே இழுப்பு. அடுத்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்று இழுப்பில் நகம் மூடிவிட வேண்டும். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத் தெரிவது இயல்பு; அதைச் சரிசெய்யப் போய்த் திரும்பத் திரும்பத் தடவுவதுதான் கெடுதி. கடைசியாக நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷை லேசாக ஓட்டுங்கள். பாலிஷ் உதிர ஆரம்பிப்பது அங்கேதான்.

பாலிஷ் என்பது நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைத்தது. கரைப்பான் ஆவியாகப் போனால்தான் படலம் இறுகும். கனமாகப் பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே இருக்கும் ஆவி வெளியேற வழியின்றிக் குமிழி குமிழியாகக் கிளம்பும். ஆகவே மெல்லிய பூச்சு இரண்டு, நடுவே மூன்று நிமிட இடைவெளி. மழைக்கால ஈரக் காற்றில் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பழைய சினிமாப் பிலிம் சுருள்கள் பற்றி எரிந்ததும் இந்த நைட்ரோசெல்லுலோஸால்தான்.

மேட்டும் மழைத்துளியும்

மேட் டாப் கோட்டில் சிலிக்கா போன்ற நுண் துகள்கள் இருக்கும். அவை நகத்தின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பாக்கி, ஒளியைச் சிதறடிக்கும், பளபளப்பு மறைந்துவிடும். துகள் அடியில் தங்கும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உருட்டிய பிறகே திறக்க வேண்டும். கறுப்பின் மேல் இதைப் பூசினால் கரும்பலகைபோல் ஆகிவிடும். சோள மாவைக் கலந்து வீட்டிலேயே மேட் செய்வது எப்படி என்று காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. கட்டி கட்டியாக வரும், பாட்டிலும் பாழ். அதற்குப் பதில் ஒரு சின்ன பாட்டில் வாங்கிவிடலாம்.

இனி வேடிக்கை. மேட் நன்றாகக் காய்ந்ததும், அதன் மேல் சாதா டாப் கோட்டால் புள்ளி வையுங்கள். கருவி எதுவும் வாங்க வேண்டாம். குண்டூசியின் தலை போதும். காகிதத்தில் ஒரு சொட்டு டாப் கோட் விட்டு, குண்டூசித் தலையை அதில் தொட்டு, நகத்தில் அழுத்தாமல் வைத்து எடுங்கள். பெரிய துளிக்கு மை தீர்ந்த ரீஃபிலின் முனை. நான்கைந்து துளிகளை ஒழுங்கில்லாமல், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகச் சிதறவிட்டால், இப்போதுதான் மழையில் கை நீட்டி வந்த மாதிரி இருக்கும். நிறம் ஒன்றுதான், மேட்டும் பளபளப்பும் மட்டுமே வேறு. சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும் என்பதால் அலுவலகத்துக்கும் உறுத்தாது.

மேட்டுக்கு ஒரு குறை உண்டு. தேங்காயெண்ணெய் பட்டால் அந்த இடம் பளபளக்கும். சோப்பு போட்டுக் கழுவினால் சரியாகிவிடும். ஆனால் வெளிர் நிறத்தின் மேல் மேட் போட்டுச் சாம்பார் சாதம் பிசைந்தால், மஞ்சள் கறை சொரசொரப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கையால் சாப்பிடுகிறவர்கள் மேட்டை அடர் நிறத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிகினா

ஜிகினா டாப் கோட்டைப் பிரஷால் பூசினால் துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் வழுக்கையாக இருக்கும். ஒப்பனை ஸ்பாஞ்சில் ஒரு சிறு துண்டு வெட்டி, அதில் பாலிஷைத் தடவி, நகத்தில் ஒற்றி ஒற்றி எடுங்கள். திரவத்தை ஸ்பாஞ்ச் குடித்துவிடும், துகள் மட்டும் நெருக்கமாக நகத்தில் ஒட்டும். நுனியில் அடர்த்தியாகவும் கீழே வர வர அருகியும் ஒற்றினால் கல்யாணத்துக்கே போதும். பத்து விரலுக்கும் போடாமல் மோதிர விரலோடு நிறுத்திக்கொள்வது என் ரசனை. காய்ந்ததும் தடவிப் பார்த்தால் மணலாக நெருடும். அது புடவை நூலை இழுக்கும். சாதா டாப் கோட்டை இரண்டு பூச்சு பூசி வழுவழுப்பாக்கிவிடுங்கள்.

கிராக்கிள்

2011-இல் ஓபிஐ நிறுவனம் பாடகி கேட்டி பெர்ரியின் பெயரில் வெளியிட்ட தொகுப்பில் ‘பிளாக் ஷேட்டர்’ வந்தபோது, காயும்போதே வெடித்துக் கோடு விழும் இந்தக் கிராக்கிள் பாலிஷுக்குப் பெரிய மவுசு இருந்தது. இப்போது பரவலாக இல்லை, தேடினால் கிடைக்கும். அடியில் வெளிர் நிறம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும், பத்து நிமிடமாவது. மேலே கிராக்கிளை ஒரே இழுப்பில் பூசுங்கள். அது படுவேகமாக உலர்ந்து சுருங்கி, கண்ணெதிரிலேயே வெடிக்கும். கனமாகப் பூசினால் அகல வெடிப்பு, மெல்லிதாகப் பூசினால் நுண் வெடிப்பு. வெடிக்கத் தொடங்கியபின் பிரஷ் பட்டால் கோலம் குலைந்துவிடும். முடிவில் சாதா டாப் கோட் அவசியம்.

பொட்டு அட்டையும் செய்தித்தாளும்

டாப் கோட்டுக்கு அடியில் எதையாவது வரைய ஆசையிருந்தும் கை நடுங்குகிறவர்களுக்கு ஸ்டிக்கர் பொட்டு பெரிய துணை. அடி நிறம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு வட்டப் பொட்டை முதலில் புறங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள். பிறகு நகத்தின் அடியில், பாதி நகத்திலும் பாதி தோலிலும் இருக்குமாறு ஒட்டுங்கள். மேலே இரண்டாம் நிறத்தை ஒரே ஒரு பூச்சு பூசி, ஈரம் காயும் முன்பே பொட்டை உரித்துவிட வேண்டும். காயவிட்டு உரித்தால் விளிம்பு கிழிந்து வரும். சுத்தமான பிறை கிடைக்கும். நுனியில் நேர்க்கோடு வேண்டுமென்றால் இதே வேலையைச் செலோடேப் செய்யும்.

எனக்கு மிகப் பிடித்தது செய்தித்தாள் நகம். செலவே இல்லை. வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் இரண்டு பூச்சு, குறைந்தது இருபது நிமிடம் காய விடுங்கள். செய்தித்தாளில் வரி விளம்பரப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு எழுத்து நகத்துக்குப் பெரிது, ‘மணமகள் தேவை’யின் பொடி எழுத்துதான் அளவு. நகத்தைவிடச் சற்றே பெரிய துண்டுகளாக வெட்டிப் பத்தையும் முதலிலேயே தயாராக வையுங்கள். ஆல்கஹால் கலந்த தண்ணீர் போன்ற சானிடைசரை, ஜெல் சானிடைசரை அல்ல, பஞ்சால் நகத்தில் தொட்டுவிட்டு, துண்டை வைத்து மறுகை விரலால் இருபது விநாடி அசையாமல் அழுத்துங்கள். ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக உரித்தால் மை நகத்தில் இறங்கியிருக்கும். எழுத்து தலைகீழாக, அதாவது இடவல மாற்றத்தோடு விழும். கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடியும். வெளிறி விழுந்தால் ஆல்கஹால் போதவில்லை, கலைந்து விழுந்தால் காகிதம் நகர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் விட்டு டாப் கோட் போடும்போது பிரஷில் நிறையத் திரவம் எடுத்து, பிரஷ் மயிர் நகத்தை உரசாமல், திரவம் மட்டும் வழிந்து பரவுமாறு ஒரே இழுப்பு இழுங்கள். இரண்டாம் முறை இழுத்தால் எழுத்து மையாக வழியும்.

மருதாணியின் மேல்

மருதாணி சிவந்த நகம் இருந்தால் அடி நிறமே வேண்டாம். மருதாணியிலுள்ள லாசோன் நகத்தின் கெரட்டினோடு பிணைந்துகொள்வதால் அது உதிராது, ரிமூவருக்கும் போகாது. வளர்ந்துதான் வெளியேற வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். அந்த ஆரஞ்சுச் சிவப்பின் மேல் பேஸ் கோட் ஒன்று, தங்கத் துகள் கலந்த டாப் கோட் ஒன்று, அவ்வளவுதான். ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்தாலும் அடியில் நிறம் அப்படியே இருப்பதால் வெளியே தெரியாது. தினமும் பாத்திரம் துலக்குகிற கைக்கு இதைவிட நீடிக்கும் அலங்காரம் எனக்குத் தெரியாது.

பராமரிப்பு, அகற்றல்

தொட்டால் ஒட்டாது என்பதும் முழுதாக இறுகியது என்பதும் வேறு. இரவு படுக்கப் போகும் முன் பூசினால் காலையில் நகத்தில் போர்வையின் நெசவு பதிந்திருக்கும். படுப்பதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மெல்லிய டாப் கோட் ஒன்று ஏற்றினால், அதே அலங்காரம் ஒரு வாரம் வரும். குட்டிக் குழந்தைகள் விரல் சூப்புவார்கள் என்பதால் அவர்களுக்கு வேண்டாம். மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் சேர்பவர்கள் முன்பே கலைத்துவிடுவது நல்லது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி, அடர் நிறத்தால் தவறான அளவு காட்டலாம்.

ஜிகினாவை எடுப்பதுதான் பாடு. தேய்த்துத் தேய்த்து நகத்தைச் சுரண்டாதீர்கள். ரிமூவரில் நனைத்த சிறு பஞ்சுத் துண்டை நகத்தின் மேல் வைத்து, சமையலறை அலுமினியத் தாளால் விரல் நுனியைச் சுற்றி எட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அழுத்தி ஒரே இழுப்பில் உருவினால் துகளெல்லாம் பஞ்சோடு வந்துவிடும். ஒருநாள் விசேஷத்துக்கு மட்டும் என்றால் இன்னொரு வழி. பேஸ் கோட்டுக்குப் பதில் வெள்ளை ஃபெவிகாலில் சில சொட்டுத் தண்ணீர் கலந்து பூசி, நிறமின்றித் தெளியும்வரை காயவிட்டு, அதன் மேல் ஜிகினா போடுங்கள். மறுநாள் ஓரத்தை நெம்பினால் சட்டைபோல் உரிந்து வரும். பாத்திரம் துலக்கினால் அன்றே உரிந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அசிட்டோன் ரிமூவர் பட்ட கையைக் கழுவி, நகத்தைச் சுற்றித் தேங்காயெண்ணெய் தடவுங்கள். அசிட்டோன் பாட்டிலை வார்னிஷ் அடித்த மேசையில் வைக்காதீர்கள், ஒரு சொட்டு சிந்தினாலும் வெள்ளைத் தழும்பு விழும். பாலிஷ் கெட்டியாகிவிட்டால் அதில் ரிமூவரை ஊற்ற வேண்டாம்; நிறம் திரிந்து, படலமே பிடிக்காது. நெயில் பாலிஷ் தின்னர் என்றே தனியாக விற்கிறார்கள், இரண்டு மூன்று சொட்டு போதும். மூடும் முன் பாட்டிலின் கழுத்தை ரிமூவர் பஞ்சால் துடைத்துவிட்டால், அடுத்த முறை மூடியைத் திறக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்காது.