ஸ்ரீவில்லிபுத்தூரின் கோபுரமும் குளமும்

கான்சாபுரத்து அங்கத்தினர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் புதிய ஊரன்று. கோபுரம் கண்ணில் பட்டதும் ஊர் நெருங்கிவிட்டது என்று அறிகிறோம். ஆயினும் அது எவ்வாறு நிற்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

வடபத்ரசாயி கோயிலின் இராஜகோபுரம் 11 நிலைகளும் சுமார் 192 அடி உயரமும் உடையது. இத்தகைய கோபுரங்களில் அடிப்பகுதி கருங்கல்லாலும், மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டும் அமையும். மேலே செல்லச் செல்ல அகலமும் பாரமும் குறைகின்றன. அடித்தளம் சுமையைத் தாங்குவதன் இரகசியம் இதுவே.

பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த இவ்வூரில் திருமுக்குளம் என்னும் தீர்த்தம் உண்டு. கங்கை, யமுனை, சரஸ்வதி மூன்றும் இங்குக் கூடின என்பது ஐதிகம். மார்கழி நீராட்ட உற்சவத்தில் ஆண்டாள் இக்குளக்கரை மண்டபத்திற்கு எழுந்தருளுகிறாள். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் பெயரால் விளங்கும் மஹால் ஒன்றும் இவ்வூரில் இருக்கிறது.

இத்தாலி நாட்டில், மலையடிவாரத்து ஏரிக்கரையில் கோமோ என்றொரு நகரம் உண்டு. அதுவும் நெசவாளர் ஊரே. அதன் பட்டு உலகப் பிரசித்தி பெற்றது. அவ்வூர்ப் பெரிய தேவாலயத்தின் வேலை 1396-இல் தொடங்கி 1770-இல் முடிவுற்றது. 374 ஆண்டுகள்! தொடங்கியவர் எவரும் முடிவைக் காணவில்லை. எனினும், தலைமுறைதோறும் தம் பங்கைச் செலுத்தி அடுத்தவரிடம் ஒப்படைத்தனர்.

கூட்டுறவாளருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கட்டுவது ஒரு காலத்துச் செலவு. காப்பதோ என்றுமுள்ள செலவு. பறவையின் எச்சத்தில் விழுந்த அரச விதை செங்கல் இடுக்கில் முளைக்கிறது. இளஞ்செடியாக இருக்கையில் ஒருவர் கையால் களைந்துவிடலாம். வேரூன்றி மரமான பின்னரோ சாரமும் கொத்தனாரும் பெரும் பணமும் வேண்டும். குளத்தின் கதியும் அவ்வாறே. கரையும் படியும் எத்துணை அழகாயினும், வரத்துக்கால் குப்பையால் அடைபட்டால் மழை பெய்தும் குளம் வறண்டே கிடக்கும். குளம் வறண்டால் சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்றும் குறையும். தோட்டப் பயிரும் சாயப்பட்டறையும் அத்துன்பத்தை உணரும்.

தறிக்கும் கிடங்குக்கும் தேய்மான நிதி ஒதுக்குகிறோம். ஊர்ப் பொதுச் சொத்திற்கு அத்தகைய நிதி யாது? அதிகாரிகளின் கடமை ஒருபுறம் இருக்க, நம் உழைப்பும் விழிப்புமே அந்நிதி எனலாம்.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஆலோசிக்க வேண்டியவை:

1. நம் ஊர்க் குளத்து வரத்துக்கால் எங்குத் தொடங்குகிறது? எங்கெங்கு அடைபட்டுள்ளது?

2. பழைய மண்டபம், கோயில் மதில் ஆகியவற்றில் செடி முளைத்திருப்பின் யாரிடம் எழுத்து மூலம் தெரிவிப்பது?

3. மழைக்காலத்திற்கு முன்னர் ஒரு நாள் உழைப்பைத் தர எத்தனை குடும்பங்கள் முன்வரும்?