மறதிக்கார வழங்கியும் அடையாள வில்லையும்

நம் கல்லூரி மிதிவண்டி நிலையத்தில் வண்டியை விட்டதும் ஒரு வில்லை தருவார்கள். மாலையில் அதைக் காட்டினால்தான் வண்டி கிடைக்கும். நம் முகத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. இணைய வழங்கியின் இயல்பும் இத்தகையதே. நாம் கேட்கும் ஒவ்வொரு பக்கத்தையும், யாரோ புதியவர் கேட்பதாகவே அது எண்ணுகிறது. எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. இக்குறையைப் போக்க 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி உருவாக்கிய வில்லையே ‘குக்கீ’ ஆகும்.

குக்கீயை ஏற்க மறுக்கும் உலாவிகளுக்காக இன்னொரு வழியும் தோன்றியது. அடையாள எண்ணைப் பக்கத்திலுள்ள ஒவ்வோர் இணைப்பின் முகவரியிலும் வழங்கியே சேர்த்து எழுதிவிடும். இதனை முகவரி மாற்றி எழுதுதல் என்பர்.

பழுது காணும் முறை

சென்ற ஆண்டு எங்கள் துறை மாணவர் சிலர் நூல் முன்பதிவுப் பக்கம் ஒன்றை அமைத்தோம். கடவுச்சொல் தந்து உள்ளே நுழைந்தால், அடுத்த பக்கத்திலேயே மீண்டும் கடவுச்சொல் கேட்டது! இரண்டு நாள் நிரலை மாற்றி மாற்றி எழுதியும் பயனில்லை. பின்னர் வில்லையைப் பின்தொடர்ந்தோம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான்.

1. வழங்கி குக்கீயைத் தந்ததா? பதிலின் தலைப்பகுதியில் அது இல்லையெனில் குற்றம் நிரலில் உள்ளது.

2. உலாவி அதைத் திருப்பி அனுப்பியதா? இல்லையெனில் குக்கீயில் குறித்த தளப்பெயர், பாதை, பாதுகாப்புக் குறி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. அனுப்பியும் வழங்கி அறியவில்லையா? பதிவு காலாவதியாகியிருக்கலாம், அல்லது, இரண்டு வழங்கிகள் மாறி மாறிப் பதிலளிக்கும் அமைப்பில், பதிவு ஒன்றில் மட்டும் இருக்கலாம்.

எங்கள் பழுது இரண்டாவது வகை. வெளியே ‘/நூலகம்’ என்று தெரிந்த முகவரியை, வாயிலில் நின்ற அப்பாச்சி வழங்கி ‘/செயலி’ என மாற்றி உள்ளே அனுப்பியது. நிரலோ குக்கீயின் பாதையை ‘/செயலி’ என்றே குறித்தது. உலாவி அறிந்தது வெளி முகவரி மட்டுமே. ஆகவே அது குக்கீயை அனுப்பவில்லை. பாதையை ‘/நூலகம்’ எனத் திருத்தியதும் பழுது நீங்கிற்று.

ஓர் எச்சரிக்கை

குக்கீ இயங்காத வேளையில், “எண்ணை முகவரியிலேயே சேர்த்துவிடலாமே” என்றார் நண்பர் ஒருவர். எளிய வழிதான். ஆயினும் அம்முகவரியை ஒருவர் தோழருக்கு அனுப்பினால், தோழர் அவர் பெயரிலேயே உள்ளே நுழைந்துவிடுவார். வில்லையைப் பிறர் கையில் கொடுத்தபின் வண்டி நமக்கு ஏது? 2009-இல் வெளிவந்த பி.எச்.பி. 5.3, குக்கீ வழி வரும் எண்ணை மட்டுமே ஏற்பதை இயல்பான அமைப்பாக்கியதும் இவ்வகை ஆபத்தைத் தவிர்க்கவே.

எனவே, நண்பர்களே! பழுது நேர்ந்தால் நிரலைக் கலைக்குமுன் வில்லை எவ்விடத்தில் தொலைந்தது என்று பாருங்கள். அவ்விடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.