கார் ஸ்டீரியோவை நாமே மாத்தினா எவ்வளவு மிச்சம்? ஆறு மணி நேரம், 1,500 ரூபாய், ஒரு நீல ஒயர்

எப்படி கழட்டுறது, எப்படி மாட்டுறதுன்னு கைவேலையை வீடியோவில் பார்த்துக்கலாம். இங்கே நாம பேசப்போறது கணக்கு. ஏன்னா இந்த வேலையில் பணம் போற இடம் வேற, நாம பார்த்துக்கிட்டிருக்கிற இடம் வேற.

என் கார் ஒரு சின்ன ஹேட்ச்பேக். கம்பெனி ஸ்டீரியோவில் எஃப்எம் உண்டு, யுஎஸ்பி உண்டு, மேப் கிடையாது. இராஜபாளையத்தில் ஒரு கடையில் கேட்டேன். நான் விரும்பிய ஏழு இஞ்ச் டச் மாடல், ஃப்ரேமோடு மாட்டித் தர 15,000 ரூபாய் சொன்னாங்க. "கப்ளர் போடுவீங்களா அண்ணே?" என்று கேட்டதுக்கு, "அது எதுக்கு சார், ஒயரை கட் பண்ணி ஜாயின்ட் அடிச்சுடலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அங்கேதான் நான் யோசிக்க ஆரம்பிச்சேன்.

கம்பெனி ஒயரிங்கை வெட்டினால் முதல் பாதிப்பு வாரன்டிக்கு. வெட்டிய இடத்திலிருந்து வரும் எலெக்ட்ரிகல் கோளாறை சர்வீஸ் சென்டர் தங்கள் கணக்கில் எடுத்துக்க மாட்டாங்க. இன்சூரன்ஸிலும் எலெக்ட்ரிகல் பிரேக்டவுன் என்பது சாதாரண பாலிசியில் விலக்கு. ரெண்டு பக்கமும் கதவு சாத்தினால் செலவு நம்ம சம்பளத்திலிருந்துதான். நம்ம காருக்கு ஏற்ற கப்ளர் செட் 450 ரூபாய். ஒரு பக்கம் காரின் ஒயரிங்கில் மாட்டும், மறுபக்கம் புது ஸ்டீரியோவில் மாட்டும். ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டாம். காரை விற்கும்போது பழைய ஸ்டீரியோவை திரும்ப மாட்டிட்டு புதுசை எடுத்துக்கலாம்.

என் செலவு இதுதான்: ஸ்டீரியோ 12,000, ஃப்ரேம் 650, கப்ளர் 450, ஆன்டெனா கனெக்டர் 150, பிளாஸ்டிக் நெம்பு கருவிகள் 250. மொத்தம் 13,500. கடை விலையோடு பார்த்தால் 1,500 மிச்சம். ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் மொத்தம் ஆறு மணி நேரம் போச்சு. மணிக்கு 250 ரூபாய். "பாதிக்குப் பாதி மிச்சம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கூலி எப்பவுமே இதில் சின்னத் தொகைதான். மிச்சம் உண்மையில் வெட்டாத ஒயரில் இருக்கு.

வாங்கும்போது ரெண்டு விஷயம். முதல்ல அளவு. ஒற்றை டின் என்றால் 180-க்கு 50 மில்லிமீட்டர், டபுள் டின் என்றால் 180-க்கு 100. டின் என்பது ஜெர்மனியின் தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். டேஷ்போர்டு ஓட்டை வேற வடிவமாக இருந்தால் ஃப்ரேம்தான் அதை ஈடுகட்டும்.

ரெண்டாவது, பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ். ஆடிட்டர் புத்தி சும்மா இருக்குமா? "4 × 50 வாட்ஸ்" என்று பெரிய எழுத்து, அதாவது 200 வாட்ஸ். திருப்பிப் பார்த்தால் பின்னால் 10 ஆம்பியர் ஃப்யூஸ். கார் ஓடும்போது மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். 10-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 144 வாட்ஸ். உள்ளே போறதே 144 என்றால் வெளியே 200 தொடர்ந்து எப்படி வரும்? அது ஒரு நொடி உச்ச அளவு. ஒரு ஸ்பீக்கருக்கு நிஜமாக 20 வாட்ஸ் பக்கம் வந்தாலே நல்ல செட். வாட்ஸுக்காக 4,000 ரூபாய் கூடுதலா கொடுக்காதீங்க.

வட்டியில்லா ஈஎம்ஐ பற்றியும் சொல்லிடுறேன். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பிடுச்சு. இப்போ நடப்பது என்னன்னா, வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி கொடுத்து வங்கி வட்டியை வசூலிக்குது. 12,000 ரூபாய், ஆறு மாசம், 16 சதவீதம் என்றால் வட்டி சுமார் 541. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 97 ரூபாய் நம்ம தலையில். பிராசசிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக "இலவசம்" 332 ரூபாய். பெரிய தொகை இல்லைதான், ஆனா கப்ளர் வாங்குற காசில் முக்கால்வாசி.

இனி மாட்டும் வேலை. முதலில் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழட்டி, சில நிமிஷம் விடுங்க. ஏர்பேக் ஒயரும் அந்தப் பக்கம்தான் போகுது. சில கார்களில் பேட்டரியைக் கழட்டினால் பழைய ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும், அதை முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீங்க, பேனலில் விழுந்த கோடு விழுந்ததுதான். ஒவ்வொரு கப்ளரையும் கழட்டும் முன் ஒரு ஃபோட்டோ.

பொதுவாக புது ஸ்டீரியோவில் வரும் நிறங்கள்: மஞ்சள் பேட்டரியிலிருந்து எப்பவும் வரும் கரண்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நாலும் ஸ்பீக்கர்கள். கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். ஸ்பீக்கர் நெகட்டிவை எர்த்தோடு சேர்த்தால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் போயிடும்.

சாவி இல்லாமலும் பாட்டு கேட்கணும்னு மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா சேர்க்கிறவங்க உண்டு. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போறதுக்காக ஸ்டேஷனில் காரை அஞ்சு நாள் விடுறீங்கன்னு வைங்க. ஸ்டீரியோ தூங்கும்போது 0.2 ஆம்பியர் இழுத்தால்கூட 120 மணி நேரத்தில் 24 ஆம்பியர் மணி. சின்னக் கார் பேட்டரி 35-தான். திரும்பி வந்து இறங்கும்போது கார் ஸ்டார்ட் ஆகாது. இப்படி பலதடவை வறண்ட பேட்டரிக்கு ஆயுசும் குறையும். மாட்டியதும் சாவியை எடுத்துப் பாருங்க. ஸ்டீரியோ அணையணும், ஆனா நேரமும் சேமித்த ஸ்டேஷனும் அழியக்கூடாது. அழிஞ்சா ரெண்டும் இடம் மாறியிருக்கு. சில ஐரோப்பிய கார்களில் கப்ளரிலேயே அந்த ரெண்டும் இடம் மாறித்தான் இருக்கும்.

என் தப்பு வேற. முதல் ஞாயிறு நாலரை மணி நேரத்தில் எல்லாம் முடிஞ்சது. மேப் வந்தது, ப்ளூடூத் வந்தது. மறுநாள் அப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினேன். அவருக்கு முன் சீட்டில் உட்கார்ந்ததும் கோடைப் பண்பலை 100.5 வேணும். இரைச்சல் மட்டும்தான் வந்தது. "இதுக்கா இவ்வளவு செலவு பண்ணே? பழசுல நல்லாத்தானே கேட்டுச்சு"ன்னு ஒரே கேள்வி. பன்னிரண்டு கிலோமீட்டரும் பேச்சே இல்லை.

காரணம் ஒரு நீல ஒயர். என் கார் ஆன்டெனாவின் அடியில் சிக்னலைப் பெரிதாக்கும் சின்ன சர்க்யூட் இருக்கு, அதுக்கு 12 வோல்ட் வேணும். பழைய ஸ்டீரியோ அதைக் கொடுத்துக்கிட்டிருந்தது. புதுசில் அந்த வேலைக்கு நீல ஒயர் இருக்கு. கப்ளரில் அதுக்கு ஜோடி இல்லைன்னு நான் டேப் சுத்தி ஒதுக்கிட்டேன். அடுத்த ஞாயிறு திரும்பக் கழட்டி, ஆன்டெனாவின் பவர் ஒயரோடு சேர்க்க ஒன்றரை மணி நேரம். எஃப்எம் பக்கத்து ஊர் ஸ்டேஷன்கூட கொரகொரன்னா முதலில் இதைப் பாருங்க.

ரிவர்ஸ் சென்சார் உள்ள காரா? 2019 ஜூலை 1-க்குப் பின் வந்த கார்களில் அது கட்டாயம். சில மாடல்களில் அதன் படமும் சத்தமும் ஸ்டீரியோ வழியாகத்தான் வரும். கப்ளர் அதையும் கடத்துமான்னு கேட்டு வாங்குங்க, இல்லைன்னா மாத்தவே வேண்டாம். கைபிரேக் ஒயரை எர்த் பண்ணி ஓடும்போது படம் பார்க்கிற வித்தையை நான் சொல்லித்தர மாட்டேன்.

கடைசியா இன்சூரன்ஸ். கம்பெனி விலைப்பட்டியலில் இல்லாத எலெக்ட்ரானிக் பொருளை பாலிசியில் தனியா எழுதணும். அதுக்கு ஐஎம்டி 24 என்ற சேர்க்கை இருக்கு. இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த கணக்கு, பொருள் மதிப்பில் 4 சதவீதம். 12,000-க்கு 480, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 566 ரூபாய். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இதுக்கு இடமே இல்லை. சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்கணும். பில் இல்லாமல் 800 ரூபாய் குறைச்சுத் தரேன்னு சொன்னா, வாரன்டியையும் க்ளெய்மையும் சேர்த்து 800-க்கு விற்கிறீங்கன்னு அர்த்தம்.

ரெண்டு வருஷத்துக்கு மேல் அந்த 566-ஐ நான் கட்டப்போறதில்லை. தேய்மானம் போக ஸ்டீரியோ மதிப்பு அதுக்குள்ள பாதிப் பக்கம் வந்துடும், திருட்டு போனாலும் தாங்கிக்கலாம். பழைய ஸ்டீரியோ, அதன் ஸ்க்ரூ, கிளிப் எல்லாம் ஒரே கவரில் பரணில் இருக்கு. கவர் மேல கார் நம்பரும் மாட்டிய தேதியும் எழுதி வச்சிருக்கேன்.