பர்மா நடைக் கதை உங்கள் வீட்டில் இருக்கிறதா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடு மலை வழியே நடந்தார்கள். செட்டிநாடு, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் ‘பர்மாலேர்ந்து நடந்தே வந்த’ தாத்தாவோ ஆச்சியோ உண்டு. அன்று பத்து வயதில் நடந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. கதை இப்போது பெரும்பாலும் உங்கள் அப்பாவிடமோ அத்தையிடமோதான் இருக்கிறது. அதைக் கெடுக்காமல் வாங்குங்கள்.

செய்ய வேண்டியவை

• இன்றே ரெக்கார்ட் செய்யுங்கள். போனில் இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் போதும். நல்ல மைக் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட வீடுகளில் இப்போது மைக் மட்டும்தான் இருக்கிறது.

• தொடங்கும்போதே தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், உறவுமுறை நான்கையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து ‘ரெக்கார்டிங் 47’ யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

• ‘நீங்க பார்த்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா?’ என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் கேளுங்கள். இரண்டு தலைமுறை கைமாறிய கதைக்கு இதுதான் பிடிமானம்.

• எந்த வழியாக வந்தார்கள் என்று கேளுங்கள். டவுங்குப் கணவாய் தாண்டி, அக்யாப் போய், சிட்டகாங் சேர்ந்தவர்கள் உண்டு. தாமு, பலேல் வழியாக இம்பால் வந்து திமாப்பூரில் ரயில் பிடித்தவர்களும் உண்டு. ஊர்ப் பெயர் ஞாபகம் இல்லையென்றால், ‘கடைசியா ரயில்ல ஏறினாங்களா, படகிலயா?’ என்று கேட்டால் பாதி விடை வந்துவிடும். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, இந்தியர்களுக்கு வேறு பாதை என்று ஒதுக்கிய இடங்களும் இருந்தன. அந்தக் கோபம் பேச்சில் வந்தால் வரட்டும்.

• வருஷத்தைப் பிரித்துக் கேளுங்கள். பர்மாத் தமிழர்கள் இரண்டு முறை பெயர்ந்து வந்தார்கள். 1942-இல் நடை. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளை அரசுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாமல் ஆக்கிய பிறகு கப்பல். சென்னை பர்மா பஜார் இரண்டாவது வரவில் உருவானது. ‘பணமெல்லாம் வெறும் காகிதமாப் போச்சு’ என்று அத்தை சொன்னால் அது 1964 ஆகவும் இருக்கலாம். ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு செல்லாமல் போன 1945 ஆகவும் இருக்கலாம்.

• சின்னச் சின்ன விஷயங்களைக் கேளுங்கள்: காலில் செருப்பு இருந்ததா, மூட்டையில் என்ன இருந்தது, தண்ணீர் எங்கே எடுத்தார்கள். ‘பயமா இருந்துச்சா?’ என்றால் ‘ஆமா’ என்பதோடு முடிந்துவிடும். ‘வழியில என்ன சாப்பிட்டீங்க?’ என்றால் அரை மணி நேரம் பேசுவார்கள்.

• பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஆண்கள் நிறைந்த கூடத்தில் வழிப் பிரசவத்தையும் வழியிலேயே போன குழந்தையையும் பற்றிப் பேசமாட்டார்கள்.

• பட்டாளத்தில் சேர்ந்து திரும்பாதவர் இருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள், காசு கிடையாது. யாங்கூன் (பழைய ரங்கூன்) அருகே தாவ்க்யானில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில், கல்லறை இன்னதென்று தெரியாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. ஆங்கில எழுத்தை நாலைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

• ஒரு காப்பியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். போன் தொலையும்.

செய்யக்கூடாதவை

• பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள். ஒருமுறை திருத்தப்பட்டவர் அடுத்த கேள்விக்கெல்லாம் ‘சரியா ஞாபகம் இல்லப்பா’ என்று முடித்துக்கொள்வார். சந்தேகத்தைத் தாளில் குறித்துவைத்துப் பிறகு சரிபாருங்கள்.

• எம்டனையும் ஜப்பான்காரனையும் ஒன்றாக்கி எழுதிவிடாதீர்கள். எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமேல் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. ஜப்பானுக்குப் பயந்து சென்னை காலியானது 1942 ஏப்ரலில். தாத்தா பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டாலே எது என்று தெரிந்துவிடும்.

• விட்டுப்போன இடத்தைச் சினிமாவால் நிரப்பாதீர்கள். 1952-இல் வந்த ‘பராசக்தி’யின் கதையே போர்க்கால ரங்கூன் அண்ணன் தம்பிகளில்தான் தொடங்குகிறது. ஏற்கெனவே அது பல வீட்டுக் கதைகளில் கொஞ்சம் கலந்திருக்கும். நீங்களும் கலக்காதீர்கள்.

• அழுதால் பேச்சை மாற்றாதீர்கள். ‘நிறுத்தட்டுமா?’ என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள்.

• கேட்டதைக் கேட்ட சூட்டில் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பர்மாவில் தாத்தாவுக்கு இருந்த இன்னொரு குடும்பம், பங்காளிச் சொத்து, யார் யாரை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சொன்னவரின் சம்மதம் வாங்குங்கள்.

• பழைய கடிதம், பாஸ்போர்ட், பேரேடு எதையும் லாமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. பர்மிய எழுத்தில் இருப்பதைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நிலப் பத்திரமாக இருக்கலாம்.

• மலேயாவிலிருந்து சயாம்-பர்மா மரண ரயில் வேலைக்குப் போன தாத்தாவின் கல்லறையைத் தேடித் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு டிக்கெட் போடாதீர்கள். அங்கே வரிசையாகப் பெயர் பொறித்துக் கிடப்பவர்கள் நேசநாட்டுப் போர்க்கைதிகள். 1942-43இல் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் காலராவில் செத்த எஸ்டேட் தமிழர்களுக்குத் தனித்தனிக் கல்லறை கிடையாது. கூட வேலை செய்து திரும்பியவர்களின் பிள்ளைகள் மலேசியாவில் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

அத்தை மதியத் தூக்கம் முடிந்து காபி குடிக்கும் நேரம்தான் நல்ல நேரம். போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு இன்றைக்கே போய் உட்காருங்கள்.