தக்காளிக்கு ஏன் குச்சி?

இந்த மாதச் சுவர் இதழுக்கு, வீட்டுத் தோட்டம் பற்றி எழுதச் சொல்லி அறிவியல் டீச்சர் என்னிடம் சொன்னாங்க. எங்க வீட்டில் தோட்டம் என்றால் சிரிப்பீங்க. கொல்லையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற இடத்தில் ஆறு தக்காளிச் செடி, ஓரத்தில் ஒரு முருங்கை, அவ்வளவுதான்.

முதலில் போன வருஷக் கதை. எங்க அம்மா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போறாங்க. தீபாவளி முடிந்தால் ஆலை திரும்பத் திறக்கச் சில வாரம் ஆகும், அதுவரை கூலி கிடையாது. இது உங்களில் நிறையப் பேருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, அப்போதிருந்தே அம்மாவுக்கு ஒரு பயம். கூலி இல்லாத அந்த நாளில் குழம்புக்காவது வீட்டுத் தக்காளி ஆகட்டும் என்று ஆவணியில் நாற்று நட்டாங்க. ஐப்பசியில் கொத்துக் கொத்தாகக் காய். ரெண்டு நாள் அடைமழை பெய்தது. ஆறு செடியும் சாய்ந்து கரிசல் சகதியில் படுத்துவிட்டது. அழுகின காயை எண்ணினேன், முப்பதுக்கு மேல் இருந்தது. அம்மா ஒண்ணும் சொல்லலை. முறத்தில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினாங்க.

டீச்சரிடம் கேட்டேன். அவங்க சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தக்காளி நம்ம ஊர்ச் செடி இல்லை. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப் பக்கத்தில் தரையில் படர்ந்து கிடந்த செடி. தண்டு ஈர மண்ணில் பட்டால் அங்கேயே வேர் விடும். அதனால் கீழே விழுவதில் செடிக்குப் பெரிய கஷ்டம் இல்லை, கஷ்டம் பழத்துக்குத்தான். மண்ணில் இருக்கிற பூஞ்சை ஈரத்தில் பழத்தைத் தொட்டதும் அழுக வைக்கிறது. கரிசல் மண் தண்ணீரை லேசில் விடாது, அதனால் நமக்கு இன்னும் மோசம். மழைத்துளி மண்ணில் விழுந்து தெறிக்கும்போது அதே மண்ணோடு பூஞ்சை விதைத்தூளும் அடி இலைக்கு ஏறும். இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி பார்த்திருக்கீங்களா? அது இலைக்கருகல் நோய். ஆக, குச்சி ஊன்றுவது செடியை நிமிர்த்த இல்லை, பழத்தையும் இலையையும் மண்ணிலிருந்து பிரித்து வைக்கத்தான்.

இந்த வருஷம் நாற்று நட்ட அன்றே குச்சி ஊன்றினோம். வளர்ந்த பிறகு ஊன்றினால் பரவியிருக்கிற வேரைக் குத்திக் கிழிக்கும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி, முக்கால் அடி ஆழம் இறங்க வேண்டும்.

எந்தக் குச்சி என்பதில்தான் வீட்டில் சண்டை. பருத்தி மார் போதும் என்றார் அப்பா. அது குட்டை, காய் பாரத்தில் ஒடிந்தது. தம்பி முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டான். பதினைந்து நாளில் அது துளிர்த்து, தக்காளிக்கு வந்த தண்ணீரைத் தானே குடிக்க ஆரம்பித்தது! கடைசியில் சீமைக்கருவேலங் கம்பைத்தான் அப்பத்தா அரிவாளால் முள் சீவிக் கொடுத்தாங்க. நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமே இல்லை.

கட்டுவதற்குப் பூக்கட்டும் வாழைநார், இல்லையென்றால் பழைய நூல் சேலைக் கிழிசல். கம்பியும் நைலான் கயிறும் தண்டை அறுக்கும். முடிச்சு 8 மாதிரி வரணும்: குச்சியில் இறுக்கி, நடுவில் ஒரு குறுக்கு போட்டு, தண்டுப் பக்கம் சுண்டு விரல் நுழைகிற அளவு தளர்வாக. தண்டு பருக்கும், அதுக்கு இடம் வேண்டாமா? காய்க்கொத்துக்குக் கீழே, இலைக் கணுவை ஒட்டிக் கட்டினால் வழுக்காது.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். நார் தீர்ந்துபோன ஒரு நாள், தம்பி ரோட்டோரத்தில் கிடந்ததாக நீளமாக ஒரு நூல் கொண்டு வந்தான். நானும் யோசிக்காமல் ரெண்டு செடியைக் கட்டிவிட்டேன். சாயங்காலம் வேலை விட்டு வந்த அம்மா, கையில் அலுமினியப் பொடி கூடக் கழுவாமல், அப்படியே நின்றுட்டாங்க. அது திரி. பத்தடி தள்ளித்தான் எங்க அடுப்பு. "ஏ புள்ள, இதை வச்சுத்தான் நான் தினமும் பயந்து பயந்து வேலை பாக்கேன், நீ வீட்டுக்குள்ள கொண்டாந்து கட்டுறியா?" என்றாங்க. தானே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாங்க. அன்றைக்கு அவங்க கை நடுங்கினதை நான் பார்த்தேன். ரோட்டில் கிடக்கும் திரி, மருந்து பட்ட சாக்கு, சணல் எதையும் தோட்டத்துக்குக் கொண்டு வராதீங்க. தொடாமல் பெரியவங்களிடம் சொல்லுங்க.

இன்னொரு விஷயம், ரகம் தெரியணும். எங்க செடி பி.கே.எம். 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்டது. தேனி பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து வந்தது. காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும். இது புதர் மாதிரி வளர்ந்து நின்றுவிடும், மூன்றரை அடிக் குச்சி போதும், பக்கக் கிளையைக் கிள்ளக் கூடாது, கிள்ளினால் காய் குறையும். கொடி போல நீண்டுகொண்டே போகிற ஒட்டு ரகத்துக்குத்தான் ஆறடிக் கம்பும் கிள்ளுவதும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வரிசையாகக் கம்பு நட்டுக் கம்பி இழுத்துக் கட்டுவது அந்த ரகத்துக்கு.

நிமிர்த்திக் கட்டிய ஆசையில் இலையை எல்லாம் ஒடித்துவிடாதீங்க. மண்ணிலிருந்து ஒரு சாண் வரை உள்ள இலையை மட்டும் எடுத்தால் போதும். நம்ம ஊர் வெயிலில் இலைதான் காய்க்குக் குடை. நான் ஒரு செடியில் அதிகமாக ஒடித்தேன், வெயில் பட்ட பக்கம் காய் வெளுத்துத் தோல் சுருங்கிப்போச்சு.

இந்தத் தீபாவளிக்குப் பிறகும் மழை பெய்தது. ஒரு குச்சி மட்டும் சாய்ந்தது, அது பருத்தி மார். போன வாரம் வரை குழம்புக்குக் கடையில் தக்காளி வாங்கலை.

நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காய வைத்திருக்கிறேன். ஒட்டு ரகம் இல்லை என்பதால் அதே மாதிரி முளைக்கும். வேண்டியவங்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் 9 'ஆ' வகுப்புக்கு வாங்க. காகிதம் நீங்களே கொண்டு வரணும்.

— 9 'ஆ' மாணவி