இசைத்தட்டின் திண்ணை

“ஆட்டத்துக்குப் போடும் இசைத்தட்டில் அறிவியல் மாணவன் ஆராய என்ன இருக்கிறது?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த விடை எனக்கு எளிதில் கிடைத்ததன்று; ஒரு தோல்வியிலிருந்து கிடைத்தது.

பிழைப்புத் தேடி வேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தூருக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. நான் திருப்பதியில் பௌதிகத்தில் முதுநிலைப் படிப்புப் படிக்கிறேன். சென்ற ஆண்டு விடுதி விழாவில், இரண்டு சுழல்மேடைகளில் மாறி மாறி இசைத்தட்டு வைக்கும் பொறுப்பை நண்பர்கள் என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒரு தட்டு முடியுமுன் அடுத்ததைத் தொடங்கி, ஆடுகிறவர்களின் கால் தடுமாறாதபடி இரண்டையும் இணைக்க வேண்டும். டி.ஜே. என்பவரின் தொழில் இதுவே.

முதல் தட்டில் நிமிடத்துக்கு 124 தாள அடிகள், இரண்டாவதில் 120. 120-ஐ 124 ஆக்க வேண்டுமானால் வேகத்தை 3.3 சதவீதம் கூட்டவேண்டும். கணக்குப் போட்டேன், கூட்டினேன், தாளம் ஒன்றாயிற்று. ஆனால் இரு பாட்டும் சேர்ந்து ஒலித்த அந்த அரை நிமிடம் காது கூசிற்று. ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். தெலுங்கு நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “கணக்குச் சரிதான், காது எங்கே போயிற்று?” என்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிழை எங்கே? தட்டைச் சற்று விரைவாகச் சுழற்றினால் தாளம் மட்டும் விரைவதில்லை. அதிலுள்ள ஒவ்வோர் ஒலியின் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் உயர்கிறது. வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடினால் சுருதி ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். 3.3 சதவீதம் கூடினால், அதில் பாதிக்குச் சற்று மேல் ஏறும். என் தட்டுகள் இரண்டும் ஒரே சுருதியில் அமைந்தவை. தாளத்தைச் சேர்க்கப்போய்ச் சுருதியைப் பிரித்துவிட்டேன்!

வேகத்தைக் கூட்டாமலே விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். 256, 258 அதிர்வெண் கொண்ட இரு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலித்தால், நொடிக்கு இருமுறை ஒலி பெருகித் தேய்வதை ஆய்வுக்கூடத்தில் கேட்டிருக்கிறோம். அதனை ‘விம்மல்’ என்கிறோம். தாளத்துக்கும் அதே விதிதான். நிமிடத்துக்கு 120 அடியும் 121 அடியும் கொண்ட தட்டுகள் ஒன்றாகப் புறப்பட்டாலும், 30 நொடியில் அரை அடி விலகி நிற்கும். ஆடுகிறவன் எந்தத் தாளத்துக்குக் காலை வைப்பான்?

இச்சிக்கலுக்கு வழி கண்டவர்கள் தட்டுகளை உருவாக்கியவர்களே. நம் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் ‘மதுரா நகரிலோ’ புகழ்பெற்ற காலத்தில் இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும். முன்னும் பின்னும் வெறுந்தாளம் வைக்க அதில் இடம் ஏது? 1976-இல் அமெரிக்காவில் டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பர்சென்ட்’ என்னும் பாட்டு 12 அங்குலத் தட்டில் விற்பனைக்கு வந்தது. பல பாட்டுகள் அடங்கும் அகலத்தில், பக்கத்துக்கு ஒரே பாட்டு. இதில் இரு நன்மைகள் உண்டு. ஊசி அதே வேகத்தில் அசைவதாகக் கொண்டால், 600 அதிர்வெண் ஒலியைவிட 60 அதிர்வெண் ஒலிக்குப் பத்து மடங்கு அகலமாக ஆடவேண்டும். ஆட்டத்துக்கு உயிரான ஆழ்ந்த ஒலிக்கு அகன்ற பள்ளம் தேவை, அது கிடைத்தது. பாட்டின் முன்னும் பின்னும் நீண்ட தாளப் பகுதி வைக்கவும் இடம் கிடைத்தது.

1977-இல் சிகாகோ நகரில் ‘வேர்ஹவுஸ்’ என்னும் ஆடலரங்கு தொடங்கிற்று. அங்கே தட்டு வைத்தவர் பிராங்கி நக்கிள்ஸ். அவ்வரங்கின் பெயரிலிருந்தே ‘ஹவுஸ்’ இசை பெயர் பெற்றது என்பர். அதில் ஆழமும் உருக்கமும் மிக்க கிளை ‘டீப் ஹவுஸ்’. லாரி ஹெர்டு 1986-இல் வெளியிட்ட ‘கேன் யூ ஃபீல் இட்’ அதன் முன்னோடி.

இயந்திரத் தாளத்தில் உருக்கம் எங்ஙனம் இருக்கும் என்று ஐயுறலாம். நம் நாட்டிலேயே விடை உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். தாளத்துக்கும் மந்தர ஒலிக்கும் இயந்திரங்களை அமைத்து, அவற்றின்மேல் பத்து இராகங்களை இசைத்தார். அவற்றுள் பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் இந்தோளம். அன்று அது பெரிதாக விற்கவில்லை. 2010-இல் நெதர்லாந்தில் மறுபதிப்பானபின் உலகம் வியந்தது. தாளம் அசையாது நின்றதனாலேயே இராகம் தாராளமாக அசைந்தது.

புதிய தட்டு ஒன்றை வாங்குமுன் இப்போது நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். என்னிடமுள்ள தட்டுகளோடு இதன் வேகம் நெருங்குமா? சுருதி இசையுமா? முதல் 32 அடிகள் பாட்டில்லாத் தாளமாக உள்ளனவா? நிமிடத்துக்கு 120 அடி எனில் அது 16 நொடி. ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம். சுருதி ஒலிக்காத அந்த இடத்தில் இரு தட்டுகளும் சண்டையின்றிச் சந்திக்கலாம். ‘ஹவுஸ்’ என்றால் வீடு அன்றோ? அவ்வீட்டுக்கு இதுவே திண்ணை. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் கணிப்பொறிக் கருவிகள் இன்று உண்டு. ஆயினும், எங்கே சேர்ப்பது என்பதைக் காதுதான் சொல்லவேண்டும்.

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வளர்ந்த எனக்கு இது புதிய பாடமன்று. ஊரோடு நடையை ஒத்துக்கொண்டோம். வீட்டுச் சுருதியை விடவில்லை. அண்டை வீட்டாரோடு திண்ணையில் கலந்தோம்.

இவ்வாண்டு விழாவில் திண்ணையறிந்து இணைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சென்ற ஆண்டு சிரித்த நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, ஆடிக்கொண்டிருந்தார்.